வீட்டு வைஃபையில் போகிற மெயில், வெளியே வந்தால் ஏன் நிற்கிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டிலிருந்தபடியே கல்யாண விசேஷங்களுக்குச் சமையல் ஆர்டர் எடுக்கிறேன். கொட்டேஷன், இன்வாய்ஸ் எல்லாம் ஐஃபோனிலிருந்து மெயிலில்தான் அனுப்புவேன். முகவரி எங்கள் இன்டர்நெட் கம்பெனி கொடுத்தது. வீட்டு வைஃபையில் ஒரு தொல்லையும் இல்லை. கரண்ட் போய் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் மெயில் அவுட்பாக்ஸிலேயே நின்றுவிடுகிறது. கோயில் மண்டபத்து வைஃபையிலும் அப்படித்தான். ஆனால் டர்பனிலேயே பீனிக்ஸ் பகுதியில் இருக்கிற தங்கை வீட்டு வைஃபையில் போகிறது! வருகிற மெயில் எல்லா இடத்திலும் வருகிறது. இன்டர்நெட் கம்பெனியைக் கேட்டால் மொபைல் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். அவர்கள் இவர்களைக் கேட்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் ஒருவர் 450 ரேண்ட் கொடுத்தால் போனை ரீசெட் செய்து சரியாக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் போனில் பழுது எதுவும் இல்லை. ரீசெட் செய்தால் படங்கள் போகும், நம்பர்கள் போகும், மெயில் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தங்கை வீடுதான் அது. அவர் வீட்டு இன்டர்நெட் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டுப் பாருங்கள். உங்களுடைய கம்பெனியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

மெயில் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே வேலை போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் தனித்தனி சர்வர். மெயில் கொண்டுவந்து கொடுக்கிற சர்வர் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கும். அதனால் நீங்கள் டர்பனில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, மெயில் வரும். அனுப்புகிற சர்வரின் பழைய பழக்கம் வேறு. நம் தெருப் பிள்ளை என்றால் யார் என்று கேட்காமல் கதவைத் திறக்கிற பாட்டி மாதிரி, தன் கம்பெனி இணைப்பிலிருந்து வருகிறவரை ஒன்றும் கேட்காமல் விட்டுவிடும். உங்கள் வீடும் தங்கை வீடும் அந்தத் தெரு. மொபைல் டேட்டாவும் மண்டபத்து வைஃபையும் வேறு தெரு. அங்கிருந்து வந்து பாஸ்வேர்டும் சொல்லாவிட்டால் கதவு திறக்காது. திறக்கவும் கூடாது. திறந்தால் உலகத்துக் குப்பை மெயிலெல்லாம் அந்த வழியாகத்தான் போகும்.

அப்படியானால் உங்கள் போன் ஏன் பாஸ்வேர்ட் சொல்லவில்லை? ஐஃபோனில் இப்படிப்பட்ட மெயில் கணக்கைச் சேர்க்கும்போது 'அவுட்கோயிங் மெயில் சர்வர்' என்று ஒரு பகுதி வரும். ஹோஸ்ட் நேம், யூசர்நேம், பாஸ்வேர்ட் என்று மூன்று கட்டங்கள். கடைசி இரண்டிலும் மங்கலான சாம்பல் நிற எழுத்தில் 'ஆப்ஷனல்' என்று போட்டிருக்கும். விருப்பம் இருந்தால் நிரப்பு, இல்லாவிட்டால் விடு என்று அர்த்தம். யார்தான் நிரப்புவார்கள்? காலியாக விட்டுக் கணக்கைச் சேர்த்து, வீட்டு வைஃபையிலேயே ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பார்கள். போய்விடும். எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார்கள். என்னிடம் வருகிற போன்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லால் வந்தவைதான்.

இப்போது திருத்துவோம். செட்டிங்ஸ் போய் மெயில், அதற்குள் அக்கவுண்ட்ஸ். புதிய ஐஃபோன்களில் செட்டிங்ஸின் கீழே 'ஆப்ஸ்' என்று இருக்கும், அதற்குள் மெயில், அப்புறம் மெயில் அக்கவுண்ட்ஸ். உங்கள் கணக்கைத் தொட்டு, உள்ளே அக்கவுண்ட் என்ற வரியை மறுபடி தொடுங்கள். கீழே எஸ்எம்டிபி என்று இருப்பதைத் தொட்டு (அனுப்புகிற சர்வரின் பகுதி அதுதான்), 'பிரைமரி சர்வர்' என்பதற்குள் போங்கள். யூசர்நேம் கட்டத்தில் மெயில் முகவரியை முழுசாக, பின்பாதியும் சேர்த்து எழுதுங்கள். வருகிற மெயிலுக்கு உள்ள அதே பாஸ்வேர்டைப் போடுங்கள். 'யூஸ் எஸ்எஸ்எல்' பொத்தானைப் பச்சையாக்குங்கள். ஆதென்டிகேஷன் என்ற இடத்தில் 'பாஸ்வேர்ட்' என்று இருக்கட்டும். போர்ட் என்பது மெயில் போகிற வாசலின் எண். சர்வர் போர்ட்டில் 25 என்று இருந்தால் அழித்துவிட்டு 587 என்று எழுதி 'டன்' அழுத்துங்கள். 587 ஒத்துவராவிட்டால் 465 போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனிலும் யூசர்நேம், பாஸ்வேர்ட், போர்ட் இந்த மூன்றும்தான் விஷயம்.

சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டு வைஃபையில் சோதித்தால் பழைய கதைதான், அது எப்படியும் போகும். மொபைல் டேட்டாவில் மட்டும் இருந்துகொண்டு மகனுக்கோ மகளுக்கோ ஒரு வரி அனுப்புங்கள்.

அதற்குப் பிறகும் நின்றால் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். உடனே ஒரு பெட்டி வந்து 'ரிலே' என்ற சொல்லோடு மறுத்தால், போன் இன்னும் பாஸ்வேர்ட் சொல்லவில்லை. கட்டங்களை மறுபடி பாருங்கள். பதிலே இல்லாமல் வெகுநேரம் சுற்றிவிட்டு, சர்வரோடு இணைய முடியவில்லை என்று வந்தால் போர்ட் அடைபட்டிருக்கிறது. யூசர்நேம், பாஸ்வேர்ட் தவறு என்று வந்தால், சில கம்பெனிகளில் பாஸ்வேர்ட் கேட்கிற சர்வருக்கு வேறு பெயர் உண்டு. கம்பெனிக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேறு நெட்வொர்க்கிலிருந்து பாஸ்வேர்டோடு அனுப்ப எந்த எஸ்எம்டிபி சர்வர், எந்த போர்ட்?" போனை அணைத்துப் போடுங்கள், ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று ஆரம்பித்தால் விடாதீர்கள். அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 587 என்கிற வாசல் வாடிக்கையாளர்கள் மெயில் அனுப்புவதற்கென்றே 1998-இல் எழுதி வைக்கப்பட்டது. 25 சர்வரும் சர்வரும் பேசிக்கொள்கிற வாசல். வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்கள் அந்த வழியாகக் குப்பை மெயில் கொட்டியதால் பல நெட்வொர்க்குகள் அதை அடைத்துவிட்டன. அடைத்தது நியாயம். 2018-இல் 465-ஐயும் முறைப்படி பரிந்துரைத்துவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் 25 போடு, பாஸ்வேர்ட் வேண்டாம் என்று சொல்கிற உதவிப் பக்கத்தை நான் பார்க்கிறேன். அந்த ஒரு வரியைத் திருத்த ஐந்து நிமிடம் ஆகுமா? அதைச் செய்யாமல், சமையல் வேலைக்கு நடுவில் உங்களை இரண்டு கால் சென்டருக்கு அலைய விடுகிறார்கள்.

அப்புறம் இந்த ரீசெட் கடைகள். சில வருஷங்களுக்கு முன்னால் என் பெரியம்மா போனை மெயில் போகவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தார். பெரியப்பாவின் கடைசி வருஷப் படங்கள் அதில்தான் இருந்தன. ரீசெட் செய்து கொடுத்தார்கள். படங்கள் போய்விட்டன, மெயில் அன்று மாலையும் போகவில்லை. விசாரிக்கப் போனேன். கவுண்டர் மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டு ஒன்று திறந்து கிடந்தது. ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் போன் மாடல், மூன்றாவதில் மெயில் பாஸ்வேர்ட். பக்கம் பக்கமாக, நீல மையில். யார் வேண்டுமானாலும் குனிந்து படிக்கலாம்.

இன்வாய்ஸ் அனுப்புகிறவருக்கு மெயில் பாஸ்வேர்ட் என்பது பணப்பெட்டிச் சாவி. 2019-இல் ஜோகன்னஸ்பர்க்கில் வீடு வாங்கிய ஒரு பெண்மணியின் மெயில் கணக்குக்குள் ஆள் புகுந்து, வழக்கறிஞர் நிறுவனம் அனுப்பிய கடிதத்தில் இருந்த வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டார்கள். அவர் 55 லட்சம் ரேண்டை மோசடிக்காரர் கணக்கில் போட்டார். நிறுவனம் நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நஷ்டம் அவருடையதாகவே நின்றது. அதனால் கடையில் யார் கேட்டாலும் பாஸ்வேர்டை வாயால் சொல்லாதீர்கள், எழுதியும் கொடுக்காதீர்கள். போட வேண்டிய இடத்தில் உங்கள் விரலாலேயே போடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்த கடைக்காரர் வேறொன்று செய்வார். போகிற சர்வரை மட்டும் மொபைல் கம்பெனியின் சர்வராக மாற்றிவிட்டு, இதோ பாருங்கள், டேட்டாவில் போகிறது என்று காட்டுவார். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் வீட்டு வைஃபையில் நின்றுவிடும். அதைவிடப் பெரிய கெடுதல், உங்கள் முகவரிக்காக எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, எஸ்பிஎஃப் என்பார்கள். வாங்குகிற பக்கம் அதைப் பார்க்கும். பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து வந்தால் உங்கள் கொட்டேஷன் ஸ்பாமுக்குப் போகலாம். கல்யாண வீட்டார் நீங்கள் பதிலே போடவில்லை என்று வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இனி கோயில் மண்டபம். மேலே சொன்னதெல்லாம் செய்து, மொபைல் டேட்டாவில் போகத் தொடங்கிய பிறகும் மண்டபத்து வைஃபையில் மட்டும் நிற்கலாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நின்றதும் போட்டதெல்லாம் தப்பு என்று நினைத்து பலர் செட்டிங்கைக் கலைத்துவிடுகிறார்கள். விருந்தாளிகளுக்கென்று விடுகிற வைஃபையில், அது மண்டபமானாலும் ஆஸ்பத்திரியானாலும் மாலானாலும், வெப்சைட் பார்க்கிற வாசல் போன்ற சிலவற்றை மட்டும் திறந்துவைத்து மற்றதை மூடிவிடுகிற வழக்கம் உண்டு. 587-உம் மூடியிருக்கும், 465-உம் மூடியிருக்கும். வாட்ஸ்அப் ஓடும், மெயில் வெளியே போகாது. முதலில் பிரவுசரைத் திறந்து, சம்மதம் கேட்கிற பக்கம் ஏதாவது காத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முடித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். அதிலும் நின்றால் செட்டிங்கைத் தொடவே தொடாதீர்கள். வைஃபையை அணைத்து டேட்டாவில் அனுப்புங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லையா? பிரவுசரில் உங்கள் கம்பெனியின் வெப்மெயில் பக்கத்தைத் திறந்து அங்கிருந்தே அனுப்பலாம், அது வெப்சைட் வாசல் வழியாகத்தான் போகும். இப்படிப்பட்ட வைஃபையில் சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை, தொடரலாமா என்று போன் கேட்டால் தொடராதீர்கள். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் 'அக்செப்ட் ஆல் சர்டிஃபிகேட்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் எல்லாம் ஓடும் என்று சொல்வார்கள். நடுவில் நின்று பாஸ்வேர்டைப் பிடிப்பவனுக்கும் அதே கதவுதான் திறக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. திருத்துவதற்கு முன்னால் அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள். நின்றுபோன பழைய மெயில்கள் அங்கே இருக்கும். வழி திறந்ததும் அவையெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். போன மாத விலை போட்ட கொட்டேஷன் அதில் இருந்தால், முதலில் அதை அழித்துவிடுங்கள்.