தப்பை எங்கே ஒளித்து வைத்தார்?

கேள்வி: மகன் ஒன்பதாம் தரம். கணிதத்தில் எப்போதும் வகுப்பில் முதலாவது. ஆனால் மாசி வந்தால் தாத்தாவோடு காமன்கூத்துக்கு (தோட்டத்தில் ஆடும் ரதி–மன்மதன் கதைக் கூத்து) தப்புப் பறை அடிக்கக் கிளம்பிவிடுகிறான். “படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இது” என்று அவன் அப்பா தப்பை ஒளித்துவிட்டார். பத்தாம் தரத்துக்கு மகன் ‘நாடகமும் அரங்கியலும்’ என்ற பாடத்தைக் கேட்கிறான், அப்பா வணிகம் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, பாடச் சண்டையை முதலில் முடித்துவிடுவோம். சாதாரண தரத்தில் ஆறு பாடங்கள் கட்டாயம். மிச்சம் மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வணிகம் முதலாம் தொகுதி, நாடகமும் அரங்கியலும் இரண்டாம் தொகுதி. இரண்டையும் எடுக்கலாம்! நாடகப் பாடத்துக்கு உங்கள் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள். நம் பக்கத்தில் இடிக்கிற இடம் அதுதான்.

தப்பு விஷயம் வேறு. தப்பு என்றதும் அப்பாவுக்குச் செத்த வீடும் சாதிப் பேச்சும் ஞாபகம் வந்திருக்கலாம். அதைச் சொல்ல முடியாமல் “படிப்பு கெடும்” என்றிருப்பார். மகன் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் இதை மெதுவாகப் பேசுங்கள்.

அடுத்த மாசியில் கூத்து தொடங்குமுன் மகனைக் கொஞ்சம் கவனியுங்கள். பனியில் தப்பின் தோல் தொய்ந்து கிடக்கும். நெருப்பில் வாட்டுவான், விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பான், போதாது என்று மறுபடி வாட்டுவான். சூடு கூடினால் தோல் வெடித்துவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தாத்தாவின் பக்கத்தில் நின்றுதான் பழகியிருப்பான். எந்த டியூஷனிலும் இது கிடைக்காது.

அதற்காக, “தப்பு அடித்தால் கணக்கு நன்றாக வரும்” என்று அப்பாவைச் சமாளிக்கப் போகாதீர்கள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன் சொல்கிறேன், கணக்குப் போட்டால்தான் கணக்கு வரும். தப்பு அவனுக்குப் பிடித்திருக்கிறது, நன்றாக வருகிறது. அது போதாதா?

அப்பா சொல்வதிலும் நியாயம் உண்டு. பதினைந்து வயதில் விடிய விடிய ரதி வேஷம் கட்டிவிட்டு, கண்மையோடு கேத்திர கணிதப் பரீட்சைக்குப் போனவன் நான். 38 புள்ளி. அதனால் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள்: பாடசாலை நாட்களில் ஒன்பது மணிக்கு வீடு, காமன் தகனத்தன்று மட்டும் விடியும்வரை. அன்றைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போனால் பெரும்பாலும் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல்தான். அதோடு நாடகம் எடுக்க வழியில்லை. அப்போது அவனுக்கு மிஞ்சுவது தாத்தாவும் தோட்டத்துக் கூத்தும்தான். தாத்தாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை.

அப்புறம், ஒளித்து வைத்த இடம் ஈரமில்லாத இடமா? பூஞ்சணம் பிடிக்குமுன் எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.