ஒரே ஹோஸ்டிங்கில் மூன்று வலைப்பூ: மல்டிசைட்டா, தனித்தனியா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்துக்கு மூன்று வருடமாக ஒரு வேர்ட்பிரஸ் தளம் இருக்கிறது. நூல் விமர்சனம், சிறுவர் பக்கம், கூட்டக் குறிப்புகள் என இன்னும் மூன்று வலைப்பூக்கள் தொடங்கி, ஆளுக்கொன்றாகப் பொறுப்புக் கொடுக்க நினைக்கிறோம். சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் திரை) உள்ள சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்தான். தனித்தனியாக வேர்ட்பிரஸ் போடுவதா, ஒரே வேர்ட்பிரஸில் பல தளம் நடத்தும் மல்டிசைட் செய்வதா?

பதில்: வெறும் பொருள்வாரிப் பிரிவுதான் வேண்டும் என்றால் இரண்டுமே வேண்டாம். இருக்கும் தளத்தில் மூன்று கேட்டகிரி போதும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியும் தனி ஃபீடும் தானாகவே கிடைக்கும். சிறுவர் பக்கத்துக்கு வேறு தோற்றம் வேண்டும், ஒரு பொறுப்பாளர் இன்னொருவர் பதிவில் கை வைக்கக் கூடாது என்றால்தான் தனி வலைப்பூ தேவை. ஒரே தளத்தில் எடிட்டர் பொறுப்புக் கொடுத்தால் அவர் எல்லாப் பதிவுகளையும் திருத்த முடியும். கேட்டகிரியை வைத்து அவரைக் கட்டுப்படுத்த வேர்ட்பிரஸில் இயல்பான வழி இல்லை.

அப்படித் தேவைப்பட்டால், உங்களுக்கு மல்டிசைட் பொருந்தும் என்பதே எங்கள் கருத்து. மூன்றுக்கும் உரிமை ஒரே அமைப்பிடம். அப்டேட் பார்க்கப்போவதும் ஒருவர்தான். நாளை ஏதாவது ஒன்று பிரிந்து வேறு கைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் மட்டும், அதைத் தனி வேர்ட்பிரஸாகவே போடுங்கள். பயனர் பட்டியலும் டேட்டாபேஸும் எல்லாருக்கும் பொது என்பதால், பின்னால் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது வேலை. எக்ஸ்போர்ட் செய்தால் பதிவுகளும் கருத்துகளும் வரும். தீம் அமைப்பும் விட்ஜெட்டும் வராது.

மல்டிசைட் 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸின் உள்ளேயே இருக்கிறது. தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். முதலில் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டுக்கும் முழு பேக்கப். பிறகு எல்லா ப்ளகின்களையும் நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் அமைப்புத் திரை மேலே போக விடாது. முகவரியில் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருந்தால் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. அடுத்து வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் (wp-config.php) கோப்பைத் திறந்து, மல்டிசைட்டை அனுமதிக்கும் define( 'WP_ALLOW_MULTISITE', true ); என்ற வரியை ‘ஸ்டாப் எடிட்டிங்’ என்று எழுதியிருக்கும் வரிக்கு மேலே சேர்க்க வேண்டும். கீழே சேர்த்தால் வேலை செய்யாது. அந்த வரியை வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டாதீர்கள். மேற்கோள் குறி வளைந்து வந்துவிடும், தளம் அப்படியே நின்றுபோகும். சிபேனல் ஃபைல் மேனேஜரில் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

இனி டூல்ஸ் மெனுவில் நெட்வொர்க் செட்டப் தெரியும். சப்டொமைனா (தள முகவரிக்கு முன்னால் வலைப்பூவின் பெயர் வருவது), சப்டைரக்டரியா (முகவரிக்குப் பின்னால் சாய்கோடிட்டுப் பெயர் வருவது) என்ற தேர்வு இங்கேதான் வரும். உங்கள் தளத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பழைய பதிவுகள் இருப்பதால் சப்டைரக்டரி உங்களுக்குக் காட்டப்படாது. ‘சிறுவர்’ என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்து, அதே பாதையில் புது வலைப்பூவும் வந்தால் இரண்டும் மோதும் என்பதுதான் காரணம். சப்டொமைனே போதும், அதில் பழைய பதிவுகளின் முகவரியும் மாறாது.

சப்டொமைன் என்றதும் ‘வைல்டுகார்டு டிஎன்எஸ் சரியில்லை’ என்று ஓர் எச்சரிக்கை வரலாம். எந்தப் பெயரில் சப்டொமைன் கேட்டாலும் உங்கள் ஹோஸ்டிங்குக்கே அனுப்பும் பொது அமைப்புதான் வைல்டுகார்டு. பலர் இதைப் பார்த்து பயந்து நிறுத்திவிடுகிறார்கள். யாரோ வந்து தினமும் புது வலைப்பூ திறக்கும் தளத்துக்குத்தான் வைல்டுகார்டு அவசியம். மூன்றே மூன்றுக்கு, சிபேனலில் மூன்று சப்டொமைன்களைக் கையால் உருவாக்கினால் போதும். இதில் ஒரு லாபமும் உண்டு: https முகவரிக்கான சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் வைல்டுகார்டு சான்றிதழ் வாங்க டிஎன்எஸ் வழியாகத்தான் உரிமையை நிரூபிக்க முடியும். தனித்தனி சப்டொமைன்களுக்கு, உங்கள் ஹோஸ்டிங்கில் ஆட்டோஎஸ்எஸ்எல் இருந்தால் சான்றிதழ் தானாகவே வந்துவிடும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் டாகுமென்ட் ரூட், அதாவது ஒரு முகவரிக்கான கோப்புகள் இருக்கும் கோப்புறை. சப்டொமைன் உருவாக்கும்போது சிபேனல் அதற்கென்று புதுக் கோப்புறை ஒன்றைத் தானே போட்டுவைக்கும். அதை அப்படியே விட்டால் வலைப்பூவுக்குப் பதில் வெறும் கோப்புறையோ 404-ஓ தெரியும். முதன்மைத் தளம் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ, பெரும்பாலும் பப்ளிக் எச்டிஎம்எல், அதையே மூன்றுக்கும் கொடுங்கள். வேர்ட்பிரஸ் ஒன்றுதான், எந்த முகவரியில் வந்தார்கள் என்று பார்த்து அதுவே உரிய வலைப்பூவைக் காட்டும்.

செட்டப் முடிந்ததும் திரையில் இரண்டு குறிமுறைத் துண்டுகள் தருவார்கள். ஒன்று டபிள்யூபி-கான்ஃபிக்குக்கு, மற்றது எச்டி-ஆக்சஸ் (.htaccess) கோப்புக்கு. இரண்டாவதில் பழைய வேர்ட்பிரஸ் பகுதியை மட்டும் நீக்கி, அந்த இடத்தில் புதியதை வையுங்கள். பிஎச்பி பதிப்பைக் குறிக்கும் வரிகளைச் சில ஹோஸ்டிங்குகள் அதே கோப்பில்தான் வைத்திருக்கும். அவற்றைத் தொடக் கூடாது. பிறகு வேர்ட்பிரஸ் மறுபடி உள்நுழையச் சொல்லும். நுழைய முடியாமல் சுற்றிச் சுற்றி அதே பக்கம் வந்தால் பிரவுசரில் குக்கியை அழித்துவிட்டு முயலுங்கள்.

பிறகு நெட்வொர்க் அட்மினில் சைட்ஸ், ஆட் நியூ. எல்லாத் தளங்களையும் சேர்த்து நிர்வகிக்கும் சூப்பர் அட்மின் ஒருவரோ இருவரோ போதும். தீம்களையும் ப்ளகின்களையும் அவர்தான் நிறுவ முடியும். தீம்களை நெட்வொர்க் எனேபிள் செய்தால்தான் மற்ற வலைப்பூக்களில் தெரியும்.

தொடங்கியதும் இரண்டு புகார்கள் நிச்சயம் வரும். படம் ஏறவில்லை என்பார்கள்: மல்டிசைட்டில் ஒரு கோப்புக்கு இயல்பான வரம்பு 1500 கேபி. இப்போதைய போன் படம் ஒன்றே அதைத் தாண்டும். நெட்வொர்க் செட்டிங்ஸில் அதை 8000 ஆக்குங்கள். அப்படியும் ஏறாவிட்டால் ஹோஸ்டிங்கின் பிஎச்பி வரம்பைப் பாருங்கள். கூகுள் படிவத்தை ஒட்டினேன், சேமித்ததும் காணோம் என்பது இரண்டாவது. மல்டிசைட்டில் சூப்பர் அட்மின் தவிர மற்றவர்கள் போடும் ஐஃப்ரேமை (கூகுள் படிவம் போன்ற வெளிப் பக்கத்தைப் பதிவுக்குள் காட்டும் குறிமுறையை) வேர்ட்பிரஸ் களைந்துவிடும். யூடியூப் சுட்டியைத் தனி வரியில் ஒட்டினால் மட்டும் வீடியோ வரும். படிவத்தைச் சூப்பர் அட்மின்தான் போட்டுத் தர வேண்டும். அதற்காகவே எல்லாரையும் சூப்பர் அட்மின் ஆக்கிவிடாதீர்கள். ஒருவர் கடவுச்சொல் கசிந்தால் நான்கு தளமும் போகும்.

பேக்கப் ப்ளகின் வாங்குமுன் மல்டிசைட்டுக்கு ஆதரவு உண்டா என்று பாருங்கள். பல இலவசப் பதிப்புகளில் இல்லை. வேர்ட்பிரஸைப் புதுப்பித்த பின் ‘அப்கிரேடு நெட்வொர்க்’ பொத்தானை அழுத்த மறக்க வேண்டாம். மற்ற வலைப்பூக்களின் டேட்டாபேஸ் அட்டவணைகள் அப்போதுதான் புதுப்பிக்கப்படும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று ஒன்று. வலைப்பூவின் பெயரைத் தமிழில் வைக்கலாம்; நெட்வொர்க் அட்மினில் முகவரியில் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டுமே ஏற்கும். பதிவின் சுட்டி தமிழில் வரும். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் உள்ளே 9 இடத்தை எடுக்கும், மொத்த இடமோ 200. ஆகவே சுட்டி 22 குறியீடுகளோடு வெட்டுப்படும். மெய்ப்புள்ளியும் கொம்பும்கூட இதில் தனித்தனிக் குறியீடுகள்தான். நீளமான தலைப்பு என்றால் சுட்டியை நீங்களே இரண்டு சொல்லில் சுருக்கி எழுதிவிட்டுப் பதிவை வெளியிடுங்கள்.