லாவெண்டர், மிளகாய் சாக்லேட் போன்ற வித்தியாசமான கப்கேக்குகளை எப்படி ருசித்துப் பார்ப்பது?

பெட்டியில் நாலைந்து புதுச் சுவைகள் இருந்தாலும் உடனே கடிக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுமே சாப்பிட்டால் வெண்ணெய் கிரீம் மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும். வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அது இளகினால்தான் அதில் கரைந்திருக்கும் வாசனை மூக்குக்கு ஏறும். குளிர்ச்சியில் இனிப்பும் மங்கித்தான் தெரியும். அரை மணி நேரமாவது வெளியே வையுங்கள்.

அப்புறம் வரிசை. லாவெண்டர், ரோஜா, ஏர்ல் கிரே தேநீர் போன்ற மென்மையான மணங்கள் முதலில். மிளகாய் சாக்லேட் கட்டாயம் கடைசி. காரம் என்பது உண்மையில் சுவை இல்லை. மிளகாயிலுள்ள காப்சைசின் என்ற பொருள் வாயிலுள்ள வெப்ப உணர்விகளைத் தூண்டுகிறது. அந்த எரிச்சல் அடங்கும்வரை நுட்பமான சுவை எதுவும் பிடிபடாது. தண்ணீர் உதவாது, பால் குடியுங்கள்.

லாவெண்டரைச் "சோப்பு வாசனை" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம். அதன் மணத்தில் முக்கியப் பங்கு லினலூல் என்ற மணப்பொருளுக்கு. சோப்புகளிலும் அதே பொருள் சேர்க்கப்படுவதால் பழக்கம் குறுக்கே வருகிறது. எலுமிச்சை கலந்த லாவெண்டர் கிடைத்தால் அதில் தொடங்குங்கள்.

கிரீமை ஒதுக்கிவிட்டு கேக்கை மட்டும் ஒரு வாய் சாப்பிடவும் மறக்காதீர்கள். சுவை கிரீமில் மட்டும் இருந்தால், என்னைப் பொறுத்தவரை அது வெறும் வெனிலா கேக்தான்.