அந்த டிஸ்சார்ஜ் தானாக மாறாது

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என் மகன் 2006 ஜூனில் நான்கு வருட ஒப்பந்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தான். 2009-ல் ஆப்கானிஸ்தானில் இருந்தபோதே மறுபடி கையெழுத்துப் போட்டுப் பணியை நீட்டித்துக்கொண்டான். திரும்பி வந்தபின் தூக்கம் இல்லை, குடி, கோபம். 2012 கடைசியில் சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா தெரிந்து, 2013 மார்ச்சில் டிஸ்சார்ஜ் காகிதத்தில் ‘அதர் தேன் ஆனரபிள்’, அதாவது நற்பெயர் இல்லாத விடுவிப்பு, என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். கோர்ட் மார்ஷல் எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் அது தானாகவே அதற்கு மேல்படியான ‘ஜெனரல்’ ஆகிவிடும் என்று அப்போது சொன்னார்களாம். ஆகவில்லை. இப்போது ஒருவர் 4,500 டாலர் கொடுத்தால் முழு நற்பெயரான ‘ஆனரபிள்’ ஆக்கித் தருகிறேன், உத்தரவாதம் என்கிறார். மகன் இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறான். நானே மனுப் போடலாமா? பணம் கட்டலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள், ஐயா. மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த விஷயத்தில் ‘உத்தரவாதம்’ என்ற சொல்லை யார் வாயிலிருந்து கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் வகையை மாற்றுவது ராணுவத்தின் மறுஆய்வு வாரியம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கோப்பைப் படித்து ஓட்டுப் போடுகிறார்கள். முன்னாள் கர்னல், ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்பவர், பளபளவென்று இணையதளம் வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் அந்த ஓட்டை விற்க முடியாது. இவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: இலவசமாகக் கிடைக்கும் டி.டி. 293 என்ற மறுஆய்வு மனுப் படிவத்தை நிரப்பி, எல்லோருக்கும் எழுதும் அதே இரண்டு பத்தியை உங்கள் மகன் பெயரில் ஒட்டி அனுப்புவார்கள். என்னிடம் வந்த ஒருவருடைய மனுவில் அவர் போகாத நாட்டில் போரிட்டதாக எழுதியிருந்தது. வேறொருவரின் கதையை வெட்டி ஒட்டியபோது பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் இன்றும் அவர் கோப்பில் இருக்கிறது.

வக்கீலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதில் நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள், நியாயமான கட்டணமும் வாங்குகிறார்கள். ஆனால் முதலில் இலவச வாசல்களைத் தட்டுங்கள். உங்கள் கவுன்ட்டியில் முன்னாள் வீரர்களுக்கு உதவும் வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர், அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் வீரர் அமைப்புகள், சட்டக் கல்லூரிகளின் இலவச சட்ட உதவி மையங்கள் என்று பல இருக்கின்றன. படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, வாரியத்துக்கும் கட்டணம் கிடையாது.

அடுத்தது அந்த ஆறு மாதக் கதை. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். அப்படி ஒரு விதி கிடையாது. ஆறு மாதம் அல்ல, அறுபது வருஷம் ஆனாலும் தானாக ஒரு எழுத்துக்கூட மாறாது. மனுப் போட வேண்டும், காரணம் காட்ட வேண்டும். பையன்களை வம்பில்லாமல் கையெழுத்துப் போட வைக்க யாரோ சொன்ன ஆறுதல் வார்த்தை, ஒவ்வொரு தலைமுறைச் சிப்பாய்க்கும் காதோடு காதாகப் போய்ச் சேர்கிறது. அதை நம்பிப் பத்து வருஷத்தைத் தொலைத்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் மகனும் அதில் ஒருவர்.

ஆனால் காலம் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு 15 வருட வரம்பு. மார்ச் 2013 என்றால் மார்ச் 2028. அதைத் தாண்டினால் ஆவணத் திருத்த வாரியம் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு டி.டி. 149 படிவம். அந்த வழி இதைவிடக் கரடுமுரடானது. முதல் வாசல் திறந்திருக்கும்போது இரண்டாவதற்கு ஏன் போக வேண்டும்?

முதல் வாசலிலும் ஒரு வரிசை இருக்கிறது. காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு சொல்லச் சொல்லலாம். அல்லது மகனே வாரியத்திடம் பேசும் விசாரணை, இப்போது வீடியோவிலும், கேட்கலாம். முதலில் காகித ஆய்வு கேட்டுத் தோற்றால் பிறகு விசாரணை கேட்க முடியும். முதலிலேயே விசாரணைக்குப் போய்த் தோற்றால் காகித ஆய்வுக்குத் திரும்ப முடியாது. அதாவது வரிசையைச் சரியாக வைத்தால் இரண்டு வாய்ப்பு. அந்த இரண்டாவது மனுவும் 15 வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு முடிவு வரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், 2027 தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒரு வாய்ப்பு போச்சு. இன்னொன்று: மனுப் போட்டால் இருப்பதும் கெட்டுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வாரியம் டிஸ்சார்ஜை இன்னும் மோசமாக்க முடியாது.

நீங்களே போடலாமா என்று கேட்டீர்கள். முடியாது. மகன் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரை கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவாக நீங்கள் செய்யக்கூடியது, ஒரு கடிதம் எழுதுவது. அது சின்ன விஷயம் அல்ல.

ஏனென்றால் இந்த வழக்கின் உயிர் அந்தத் தூக்கமில்லாத இரவுகளில்தான் இருக்கிறது. 2014-லிருந்து பாதுகாப்புத் துறை வாரியங்களுக்கு அடுத்தடுத்துச் சுற்றறிக்கைகள் அனுப்பியிருக்கிறது. அவற்றில் 2017 ஆகஸ்டில் வந்த, கர்ட்டா என்ற அதிகாரியின் சுற்றறிக்கைதான் உங்களுக்கு முக்கியம். பி.டி.எஸ்.டி. போன்ற போர்க்கால மனக்காயம் இருந்தால் தாராளமாகப் பரிசீலியுங்கள் என்கிறது அது. வாரியம் நான்கு கேள்வி கேட்கும். தவறைக் குறைத்துக் காட்டக்கூடிய நோயோ அனுபவமோ இருந்ததா? அது பணியில் இருக்கும்போதே இருந்ததா? அந்தத் தவறுக்கு உண்மையிலேயே அது காரணமா? அந்த டிஸ்சார்ஜை மாற்றும் அளவுக்கு அது கனமானதா? மனுவில் இந்த நான்குக்கும், இதே வரிசையில், தனித்தனியாகப் பதில் எழுதச் சொல்லுங்கள். வலியை மறக்கத் தானே போதையைத் தேடிப் போவதைக் கவனத்தில் கொள்ளலாம் என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. அப்போது டாக்டரிடம் போகவில்லையே என்று கவலை வேண்டாம். குடும்பத்தார் கடிதம்கூடச் சாட்சிதான்.

அதனால் உங்கள் கடிதத்தில் ‘என் மகன் நல்லவன்’ என்று எழுதாதீர்கள். எந்த அப்பா வேறு மாதிரி எழுதுவார்? அவர் விடுப்பில் வந்தபோது கட்டிலை விட்டுத் தரையில் படுத்தாரா, பட்டாசுச் சத்தத்துக்கு என்ன செய்தார், எந்த மாதத்தில் குடி தொடங்கியது என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். தமிழ்ச் சங்கத் தலைவரிடம் வாங்கும் ‘நற்குடும்பத்தைச் சேர்ந்தவர்’ சான்றிதழை வாரியம் கிழித்துப் போடாது, ஆனால் படிக்கவும் படிக்காது. அவரோடு ஆப்கானிஸ்தானில் இருந்த ஒரு சார்ஜென்ட் எழுதும் அரைப் பக்கம் அதைவிடப் பத்து மடங்கு பேசும்.

மனுவில் டிஸ்சார்ஜ் வகையை மட்டும் மாற்றக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பணியிலிருந்து அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் காகிதமான டி.டி. 214-ல் 28-வது கட்டத்தில் காரணம் எழுதியிருக்கும். வகையை ‘ஆனரபிள்’ என்று மாற்றிவிட்டுக் காரணத்தில் போதைப்பொருள் என்பதை அப்படியே விட்டால், வேலை கொடுக்கிறவர் எதைப் படிப்பார்? அதையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது 2009-ல் போட்ட அந்தக் கையெழுத்து.

மகன் 2006-ல் ஒப்புக்கொண்டது நான்கு வருடம், அதாவது ஜூன் 2010 வரை. நடுவில் 2009-ல் புது ஒப்பந்தம் போட்டார். போர்க்களத்தில் போட்டால் போனஸுக்கு வரி இல்லை என்பதால் பலரும் அங்கேயே போடுவார்கள். அப்படித் தொடர்ந்து பணியில் இருந்ததால் 2010-ல் அவருக்குத் தனியாக டி.டி. 214 கொடுத்திருக்க மாட்டார்கள். 2013-ல் கொடுத்த ஒரே காகிதம் ஏழு வருடத்தையும் கெட்ட பெயரில் சுருட்டிவிட்டது. ஆனால் முன்னாள் படைவீரர் நலத்துறையின், அதாவது வி.ஏ.-யின் விதி அப்படிச் சொல்லவில்லை. புது ஒப்பந்தம் போடாமல் இருந்திருந்தால் ஜூன் 2010-ல் அவர் நல்ல பெயரோடு வெளியே வந்திருப்பார் அல்லவா? அப்படியானால் அந்த முதல் நான்கு வருடத்தைத் தனியாகப் பிரித்து, நல்ல பணிக்காலமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனை. முதல் ஒப்பந்தத்தின் காலம் முழுதும் பணி செய்திருக்க வேண்டும். 2009-ல் கையெழுத்துப் போட்ட தேதி அல்ல, 2010 ஜூன்தான் கணக்கு. அந்த நாள்வரை டிஸ்சார்ஜைக் கெடுக்கும் அளவுக்கு எதுவும் நடந்திருக்கக் கூடாது. உங்கள் மகனின் தவறு 2012-ல். ஆப்கானிஸ்தான் 2009-ல். அதாவது காயம் பட்டது நல்ல காலத்தில், தவறு நடந்தது கெட்ட காலத்தில்.

இதன் பொருள் என்னவென்றால், ராணுவ வாரியம் எதையும் மாற்றும்வரை காத்திருக்காமலேயே அவர் வி.ஏ.-யிடம் பி.டி.எஸ்.டி.-க்குச் சிகிச்சையும் இழப்பீடும் கேட்டு மனுப் போடலாம். வி.ஏ. ஒப்புக்கொண்டு நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று எழுதிவிட்டால், அதே காகிதம் வாரியத்தில் உங்கள் மிகப் பெரிய சாட்சி. ‘ஆனரபிள்’ வாங்கித் தருகிறேன் என்று விலை பேசுகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் 4,500 டாலர் எங்கிருந்து வரும்?

இதில் ஒரு எரிச்சல் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வி.ஏ. கவுன்ட்டரில் இருப்பவர் 214-ஐ ஒரு தடவை பார்த்துவிட்டு ‘உங்களுக்குத் தகுதி இல்லை’ என்று வாயால் சொல்லி அனுப்பப் பார்ப்பார். கிளம்பி வந்துவிடாதீர்கள். மனுவைக் கொடுத்து, ‘முதல் பணிக்காலத்தைத் தனியாகப் பரிசீலியுங்கள்’ என்று எழுதி, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். ஒரே அரசாங்கத்தின் இரண்டு அலுவலகங்கள்தான், ஆனால் ஒன்றின் முடிவு இன்னொன்றைக் கட்டாது. வி.ஏ. ஏற்றுக்கொண்டாலும் 214-ல் ஒரு எழுத்து மாறாது. போருக்கு அனுப்பியது அவர்கள், போனதை நிரூபிக்க வேண்டியது இவர். நான் பார்த்தவரை இது மாறவில்லை.

வி.ஏ. மனுவுக்கு உதவுகிறேன் என்று வருபவரிடம் கேளுங்கள்: வி.ஏ. அங்கீகாரம் உண்டா? வி.ஏ. தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். முதல் மனுவுக்குக் கட்டணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று பெயரை மாற்றிக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

மகன் பேச மறுக்கிறார் என்றீர்கள். அவரிடம் டிஸ்சார்ஜ் பற்றிப் பேச வேண்டாம். 180-ம் எண் படிவம் ஒன்றை அவர் முன்னால் வையுங்கள். செயின்ட் லூயிஸில் இருக்கும் ஆவண மையத்திலிருந்து முழுப் பணிக்கோப்பை வரவழைக்கும் படிவம் அது. அதில் அவர் கையெழுத்து ஒன்று போதும். கோப்பு வருவதற்குள் வீட்டில் இருக்கும் டி.டி. 214-ஐ எடுத்து, 18-வது கட்டத்தில் ‘கன்டின்யூவஸ் ஆனரபிள்’ (தொடர்ச்சியான நற்பணி) என்று தொடங்கும் ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். இருந்தால், வி.ஏ. மனுவோடு இணைக்க வேண்டிய முதல் காகிதம் அதுதான்.