ஒரே பாத்ரூம் வீட்டில் கொரோனா: பிரித்து வைப்பதில் பயன் உண்டா?

வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை வீடு, கணவருக்குக் கொரோனா, கூடவே சர்க்கரை நோயுள்ள 71 வயது மாமியார். "புது வகை எப்படியும் எல்லோருக்கும் வரும், பிரித்து வைத்து என்ன பயன்?" என்று கேட்டிருந்தீர்கள்.

பயன் உண்டு. 2021 டிசம்பரில் டென்மார்க்கில் கணக்கெடுத்தபோது, அப்போதைய புது வகையான ஓமிக்ரான் நுழைந்த வீடுகளில் மற்றவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தொற்றியது, அதற்கு முந்தைய டெல்டா வகையில் 21. கூடுதல்தான், ஆனால் எல்லோருக்கும் இல்லையே.

டெட்டால் போட்டுக் கைப்பிடிகளைத் துடைப்பதை விட முக்கியம் காற்று. நாங்களும் 2022 ஜனவரியில் பால் பாக்கெட்டைக் கழுவிவிட்டு, ஹாலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒன்றாகச் சாப்பிட்டோம்! ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடும். அதை அணைத்துவிட்டு, கணவர் அறை ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். கொசு வரும்தான், வலை கட்டிக்கொள்ளலாம். பாத்ரூமுக்கு அவர் கடைசியாகப் போகட்டும், எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அறைக்கு வெளியே வந்தால் என்95 மாஸ்க்.

அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அதனால் நீங்களும் மாமியார் அருகில் மாஸ்க் போடுங்கள். அவருக்கு இன்று எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிடாமல், இரண்டு நாள் கழித்து மறுபடி எடுங்கள். அவருடைய டாக்டரிடம் இன்றே சொல்லி வையுங்கள். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை; 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.