மழையிலும் பனிமூட்டத்திலும் வண்டி ஓட்டுவது: கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்குவதை ஒட்டி, மோசமான வானிலையில் வாகனம் ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (திண்டிவனம்): ஐயா, நெடுஞ்சாலைப் பலகையில் 80 என்று போட்டிருந்தது. கொட்டும் மழையில் நானும் 80இல்தான் சென்றேன். ஆனாலும் ரோந்துக் காவலர் நிறுத்தி எச்சரித்து அனுப்பினார். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். பலகையில் இருப்பது அந்தச் சாலைக்கான உச்சவரம்பு மட்டுமே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு, சூழ்நிலைகள் அனைத்தையும் கணக்கில் கொண்டு பார்க்கும்போது பொதுமக்களுக்கு ஆபத்தான வேகத்திலோ முறையிலோ ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. இடத்தின் தன்மையும் நிலையும் போக்குவரத்தின் அளவும் அந்தச் சூழ்நிலைகளில் அடங்கும் என்றும் அதுவே சொல்கிறது. முதல் முறை குற்றத்துக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரிழப்பு நேர்ந்துவிட்டால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு வரும்; அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. நீதிமன்றத்தில் போய் "மழை பெய்தது" என்று சொல்வதில் பயனில்லை, ஏனென்றால் மழையைக் கண்ட பிறகும் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதே உங்களுக்கு எதிரான வாதமாகத் திரும்பும்.

கணக்கையும் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. முன்னால் எதையோ கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனால் 33 மீட்டர் போயிருக்கும். அதன் பிறகு காய்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க ஏறத்தாழ 36 மீட்டர் போதும். ஈரச் சாலையில் 60 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக மொத்தம் 95 மீட்டர். கனமழையில் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், மீதி 45 மீட்டருக்குள் யாரும் நிற்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அதே ஈரச் சாலையில் 50 கி.மீ. வேகத்தில் சென்றிருந்தால் சுமார் 45 மீட்டரில் நின்றிருக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம் எதுவோ, அதுதான் அன்றைக்கு உங்களுக்கான வேக வரம்பு.

கேள்வி (விழுப்புரம்): மழையில் காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் திடீரென்று லேசாகி, வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. என்ன கோளாறு?

பதில்: வண்டியில் கோளாறு இருந்திருக்க வேண்டியதில்லை. டயரின் பட்டன் (மேற்பரப்பில் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைகள்) இடுக்குகள் வெளியேற்றும் நீரைவிடச் சாலையில் உள்ள நீர் அதிகமாகும்போது டயர் தரையை விட்டு நீரின் மேல் ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பெயரளவுக்குத்தான் இருக்கும். காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. உள்ள டயர், பட்டன் ஆழத்தைவிட நீர் உயர்ந்து நிற்கும் சாலையில், ஏறத்தாழ 90 கி.மீ. வேகத்தில் இப்படி மிதக்கத் தொடங்கும். காற்று குறைந்திருந்தால் அதற்கு முன்பே தொடங்கிவிடும். அப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி பொறுத்திருங்கள். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினாலோ ஸ்டியரிங்கை ஒடித்தாலோ, டயர் மறுபடி தரையைப் பற்றும் கணத்தில் வண்டி சுழன்றுவிடும்.

கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் மழைக்காலத்துக்கு அது போதவே போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலே அக்டோபருக்கு முன் மாற்றிவிடுங்கள். பிரேக்கில் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். சாலையில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

கேள்வி (திருச்சி): ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது. முன்னால் சென்ற வண்டி கடந்துவிட்டால் நாமும் போகலாமா?

பதில்: போகாதீர்கள். முன்னால் சென்ற வண்டியின் உயரமும் எடையும் உங்கள் வண்டிக்குக் கிடையாது. சுரங்கப்பாதையின் நடுப்பகுதிதான் மிகவும் தாழ்வானது என்பதால், நுழைவாயிலில் கணுக்கால் அளவு தெரியும் நீர் உள்ளே கார்க் கண்ணாடி வரை இருக்கலாம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையிலும் அப்படித்தான் ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. ஓடும் நீர் என்றால் 30 சென்டிமீட்டர் ஆழமே சிறிய காரைத் தள்ளப் போதுமானது. 60 சென்டிமீட்டரில் பெரிய வண்டிகளும் இழுபடும்.

தவறிச் சிக்கிவிட்டால், சீட் பெல்ட்டைக் கழற்றி, மின்சாரம் வேலை செய்யும்போதே பக்கக் கண்ணாடியை இறக்கி வெளியேறுங்கள். இறங்கவில்லையென்றால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான இரும்பால் ஓங்கி அடியுங்கள். முன் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. அதை உடைக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி (வேலூர்): மழையில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டுவது பாதுகாப்புத்தானே?

பதில்: இல்லை. அது நின்றுவிட்ட வண்டிக்கான அடையாளம். ஓடும்போது போட்டால், நீங்கள் நிற்கிறீர்களா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முகப்பு விளக்கை டிம்மில் எரியவிடுங்கள். பின் விளக்கும் சேர்ந்தே எரியும்.

கேள்வி (தஞ்சாவூர்): என் கணவர் மழை வந்தால்தான் இன்னும் வேகமாக ஓட்டுகிறார். நனைவதற்குள் வீடு சேர வேண்டும் என்கிறார். பைக்கின் பின்னால் நான் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: அம்மா, முதலில் அந்தக் குடையை மடக்கிவிடுங்கள். எதிர்க்காற்றில் குடை விரிந்து திரும்பினால் உங்களைப் பின்னுக்கு இழுக்கும். அல்லது முன்னால் சாய்ந்து அவர் கண்ணை மறைக்கும். மழைக்கோட்டு போதும், அதன் நுனி சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒரு கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 10 கி.மீ. தொலைவை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 10 நிமிடம், 40 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் எப்படியும் இருவரும் நனைந்துதான் போவீர்கள். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் தொடக்கம்தான் மிக மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுக்கும். அந்த நேரம் டீக்கடை ஓரம் ஒதுங்கி நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, தண்டவாளம் ஆகியவற்றின் மேல் சாய்ந்து திரும்புவதும் அவற்றின் மேல் பிரேக் பிடிப்பதும் கூடாது.

கேள்வி (ஓசூர்): தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சில லாரிகள் நியூட்ரலில் இறங்குகின்றன. மழையிலுமா இப்படி?

பதில்: மழையிலும்தான். டீசல் மிச்சம் என்ற கணக்கு. நியூட்ரலில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது; முழு எடையையும் பிரேக்கே தாங்க, அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. ஈரச் சாலையில் அந்த லாரி முன்னால் போகும் கார்களின் மேல்தான் போய் நிற்கும். எந்தக் கியரில் மேடு ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியின் பழைய பாடம். கார் ஓட்டுபவர்கள் அங்கே லாரிக்கு நேர் முன்னால் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி (சென்னை): போகி அன்று அதிகாலையில் ஊருக்குப் புறப்படுவது வழக்கம். பனிமூட்டத்தில் ஹைபீம் உதவுமா?

பதில்: கெடுக்கும். பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பும். டிம்மும், இருந்தால் பனி விளக்கும் போதும். போகியன்று பனியோடு புகையும் சேர்வதால் விமானங்களே தாமதமாகின்றன. நீங்கள் எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் பொங்கல் ஒன்றும் போய்விடாது. கண்ணாடி உள்ளே மங்கினால் ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, முன் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): இரவு ஆம்னி பேருந்தில் ஓட்டுநர் கடும் மழையிலும் பறக்கிறார். பயணி என்ன செய்ய முடியும்?

பதில்: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பேருந்தை 80 கி.மீ.க்கு மேல் விடாது. ஆனால் மழை பெய்வது அந்தக் கருவிக்குத் தெரியாது. முதலில் உதவியாளரிடம் நான்கைந்து பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் தொந்தரவு என்று நினைப்பவர்கள், பலர் சொன்னால் கேட்பார்கள். கேட்கவில்லையென்றால் வண்டி எண்ணையும் கடந்த சுங்கச்சாவடியையும் குறித்துக்கொண்டு 112க்கோ, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கோ அழையுங்கள். ஓடும் பேருந்தில் ஓட்டுநரோடு நேரடியாக வாக்குவாதம் செய்யாதீர்கள்.

கேள்வி (கடலூர்): தண்ணீரில் கார் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்யலாமா? காப்பீடு கிடைக்குமா?

பதில்: சாவியைத் தொடவே வேண்டாம். என்ஜினுக்குள் நீர் புகுந்திருந்தால், ஸ்டார்ட் செய்த நொடியில் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் நீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் கெட்ட என்ஜினுக்கு, என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இல்லாத பாலிசியில் நிறுவனங்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றி, நீர் நின்ற அளவு தெரியும்படி படம் எடுத்துவிட்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஆள் வரச் சொல்லுங்கள்.