கட்டுத்தரையும் அடுப்படியும்: ஒரம்பரை (விருந்தாளிகள்) வரும் வாரத்துக்கான கேள்வி பதில்

கேள்வி: பொங்கலுக்கு இரண்டு மகள்களும் குடும்பத்தோடு வருகிறார்கள். எங்களையும் சேர்த்துப் பதினான்கு பேர், நான்கு நாள். கறவை மாடு மூன்று. வேலைக்காரர் போகியன்றே ஊருக்குப் போய்விடுவார். காலையில் பால் கறக்கிற நேரமும் காபி, பலகாரம் கேட்கிற நேரமும் ஒன்றாக வந்து முட்டுகிறது. எதைத் தள்ளிப் போடுவது?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கறவை நேரத்தை மட்டும் தொடாதீர்கள். மற்ற எதையும் முன்னே பின்னே நகர்த்தலாம். ஐந்து மணிக்குக் கறக்கிற மாட்டை ஒரே நாளில் நாலு மணிக்கு எழுப்பினால் பால் குறையும், மாடும் மிரளும். நேரத்தை மாற்றியே தீர வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து, தினம் பத்து நிமிஷமாக நகர்த்துங்கள்.

மடியைக் கழுவித் தடவியதும் மாடு சுரப்பு விடும். அந்தச் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிஷம்தான் நிற்கும். அதனால் வாளி, பால் கேன், தீவனம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகே மடியில் கை வையுங்கள். பாதிக் கறவையில் "அம்மா, சக்கரை எங்கே?" என்று குரல் வந்து எழுந்து போனால், மீதிப் பாலை மாடு அடக்கிக்கொள்ளும். கொழுப்பு அதிகமாக இருப்பது கடைசியாகக் கறக்கிற பாலில். அதை மடியிலேயே விட்டுவிட்டு, பண்டிகை வாரத்தில் பால் சொசைட்டியில் ஃபேட் (கொழுப்பு அளவு) ஏன் இறங்குகிறது என்று தீவனத்தின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. கறக்கும்போது பேரப்பிள்ளைகளும் செல்போன் வெளிச்சமும் கட்டுத்தரைப் பக்கம் வரக் கூடாது. கறந்து முடிந்ததும் தின்னச் சோளத்தட்டுப் போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வையுங்கள். காம்புத் துவாரம் மூட அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் சாணியில் படுத்தால் மடிநோய்க்கு வழி விட்ட மாதிரி.

தீவன வேலையை முன்கூட்டியே முடிக்கலாம். மாட்டுக்கு 25 முதல் 30 கிலோ பச்சைத் தீவனம் என்றால் மூன்றுக்கும் நாளைக்கு 80 கிலோ பக்கம் வரும். போகியன்று காலையில் இரண்டு நாளைக்கான கம்பு நேப்பியர் தீவனப்புல்லை அறுத்துவிடுங்கள். ஆனால் நறுக்காதீர்கள். நறுக்கிக் குவித்தால் ராத்திரிக்குள் உள்ளே சூடேறிப் புளித்த வாடை அடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கட்டைப் பிரித்து நிழலில் நிறுத்தி வைத்து, வேளைக்கு வேளை நறுக்குங்கள். காய்ந்த சோளத்தட்டை நான்கு நாளைக்கும் சேர்த்தே நறுக்கி மூட்டை கட்டிவிடலாம்.

அடர்தீவனத்தை (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த தீவனம்) வேளைக்கு ஒரு பையாக நிறுத்துக் கட்டி வையுங்கள். நாளைக்கு மாட்டின் உடம்பைப் பராமரிக்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கணக்கு. பத்து லிட்டர் மாட்டுக்கு ஐந்தரைக் கிலோ, ஒரு வேளைக்கு இரண்டே முக்கால். மூன்று மாட்டுக்கும் நான்கு நாளைக்கு 24 பைகள். பையில் மாட்டின் பெயரை எழுதிவிட்டால் மருமகனே வைத்துவிடுவார். அளவு தெரியாத கை கொட்டுகிற கூடுதல் தீவனத்தால்தான் விசேஷ வீடுகளில் மாடு கழிகிறது.

ஈயைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் கழுவி ஃபினாயில் ஊற்றுவதால் பலன் குறைவு. சாணியில் இட்ட முட்டை ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். விருந்தாளி இலையில் உட்காரப்போகும் ஈ ஜனவரி முதல் வாரத்துச் சாணியில் பிறந்தது. அப்போதிருந்தே சாணியை இரண்டு வேளையும் வழித்து, எருக்குழியில் போட்டு, மேலே மண்ணோ சாம்பலோ மூடி வாருங்கள். மூத்திரம் தேங்கும் பள்ளத்தைச் சரளை போட்டு மேடாக்குங்கள். கறவைக்கு முன் ஃபினாயில் வேண்டாம், பாலில் வாடை ஏறும்.

வீட்டு வேலையில் பரண், பாத்திரம், போர்வை எல்லாம் முன்பே ஆகட்டும். தரை துடைப்பதை முந்தின சாயங்காலத்துக்கு விடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதத்தில் காலையில் துடைத்த தரை மத்தியானம் புழுதியாகிவிடும்.

கேள்வி: போன பட்டிப் பொங்கலுக்கு (மாட்டுப் பொங்கல்) மீந்த சோற்றையும் சக்கரைப் பொங்கலையும் மாட்டுக்கு வைத்தோம். மறுநாள் மாடு அசை போடவில்லை, படுத்துவிட்டது. ஊசி போட்டுத்தான் பிழைத்தது. சோறு மாட்டுக்கு ஆகாதா?
— வாசகர், கோபாலபுரம்

பதில்: படையலில் ஒரு பிடி கொடுத்தால் ஒன்றும் ஆகாது. குண்டாவோடு வைத்ததுதான் தப்பு. மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தட்டையும் புல்லையும் செரிக்கப் பழகியவை. திடீரென்று மாவுச்சத்து வந்து குவிந்தால் அது புளித்து அமிலமாகிறது. அந்த அமிலம் உடம்புத் தண்ணீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கும். அசை நிற்கும், சாணி தண்ணீராகப் புளித்த நாற்றத்தோடு போகும், கண் குழியும், கடைசியில் எழ முடியாமல் போகும். இது தெரிய அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆவதால், தின்றதையும் படுத்ததையும் பலர் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

சோறு தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். அடர்தீவனத்தை நிறுத்தி, காய்ந்த தட்டு மட்டும் போட்டு, 1962க்குக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண்தான். சமையல் சோடா கரைத்துக் கொடுப்பதும் மருத்துவர் சொல்லும் அளவில்தான். தலையைத் தூக்கிப் பிடித்து அவசரமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மீந்த சோறு கோழிக்குக் கொஞ்சம், மிச்சம் எருக்குழிக்கு. பட்டி நாளில் கயிறு அவிழ்த்து விடும்போது சமையல்கட்டின் பின்கதவைச் சாத்த மறக்காதீர்கள். ஆள் கொடுத்ததை விட, மாடு தானாகப் போய்க் குண்டாவில் வாய் வைத்ததே அதிகம்.

கேள்வி: தை மாதக் காற்றில் இட்லி மாவு பொங்க மறுக்கிறது. பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு போடுவது?
— வாசகி, வேலந்தாவளம்

பதில்: ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சுமார் அறுபது இட்லி வரும். ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டினால் இந்தக் குளிரில் விடியலுக்குப் பொங்காது. மத்தியானம் மூன்று மணிக்கே ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், அணைத்த விறகடுப்பின் பக்கத்தில் சாக்குச் சுற்றி வையுங்கள். பொங்கியதும் மறுநாளைக்கான பங்கை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடலாம். கிரைண்டர் கழுவிய தண்ணீரை மாட்டுத் தாழியில் தாராளமாக ஊற்றலாம். அதில் இருக்கிற மாவு கொஞ்சம்தான்.